மூன்று வருஷம் சும்மா நின்ற படகு டிரெய்லர்

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 4.3 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றை டிரெய்லரோடு பழையதாக வாங்கியிருக்கிறார், டிரெய்லர் மூன்று வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றது, லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற கடலோர ஊர் வரை 320 கிலோமீட்டர் போல இழுத்துப்போக வேண்டும். பேரிங்குக்குக் கிரீஸ் அடித்தால் போதுமா, பிரேக்கும் போட வேண்டுமா?

கிரீஸ் மட்டும் போதாது. முதலில் இரண்டு ஹப்பையும், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடத்தை, கழற்றுங்கள். ஓடிச் சூடான ஹப்பை அப்படியே குளிர்ந்த கடல்தண்ணீரில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பின்பக்க சீல் (ரப்பர் அடைப்பு) வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், அதன் மேல் புதுக் கிரீஸ் அடித்தால் துரு உள்ளேயேதான் இருக்கும். பேரிங், அது உட்காரும் வெளிவளையம், சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இங்கே ஹோல்டன் வகை, ஃபோர்டு வகை என இரண்டு அளவுகள் அதிகம் புழங்குவதால் பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோவது நல்லது. மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் இருக்க புது ஸ்பிளிட் பின் போடுங்கள். இறுக்கிப் பிடித்த பேரிங் சூடேறி எரிந்துபோகும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ராத்திரி நின்று கற்றுக்கொண்ட பாடம் இது.

டயரில் பட்டை தேயாமல் இருக்கலாம், ஆனால் வயதாகியிருக்கும். பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு ஊதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் விஷயம் எடையைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் சக்கரங்கள் மேல் விழும் மொத்த எடை 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை, அதைத் தாண்டி 2000 கிலோ வரை குறைந்தது ஒரு அச்சிலாவது பிரேக் வேண்டும். உங்கள் காருக்கும் பிரேக் இல்லாமல் இழுக்க ஒரு வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள். எஞ்சின், பெட்ரோல், மீன்பிடிச் சாமான் எல்லாம் ஏற்றி ஒரு எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். 750-க்குள் நன்றாக அடங்கினால் பிரேக்குக்கு ஆகும் பணத்தைத் தண்ணீர் புகாத எல்.இ.டி. விளக்குக்கும், ஸ்டெப்னி ஒன்றுக்கும், பேரிங்கோடு கிரீஸ் அடைத்த உபரி ஹப் ஒன்றுக்கும் செலவிடுவேன். ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயரைத் தனியாக இழுங்கள், எர்த்துக்கு டிரெய்லரின் சட்டகத்தை நம்பினால் துரு பிடித்ததும் விளக்கு மினுக்கும்.

அப்புறம், படகைப் பின்பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் வின்ச் மட்டும் போதாது. வழியில் வரும் பாக்கன்ஹாம் ஊர் போவதற்குள் ஒரு இடத்தில் நிறுத்தி, கையை மெல்ல ஹப்பின் அருகே கொண்டுபோங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் கிளம்பலாம், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேயே கழற்றுங்கள்.