நிக்கான் கூல்பிக்ஸ் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம் இருந்தும் பறவைப் படம் ஏன் மங்கலாக வருகிறது? பைனாகுலர் இல்லாமல் இந்தக் கேமரா மட்டும் போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போதாது. பறவையைத் தேடிப் பிடிக்க பைனாகுலர்தான் சரி. பிடித்த பறவை இன்னதுதான் என்று உறுதிசெய்ய நீள ஜூம் கேமரா அருமையான கருவி. அந்த வேலைக்கு வைத்துக்கொண்டால் அது ஏமாற்றாது.

இனி மங்கல். நிக்கான் கூல்பிக்ஸ் பி900-இன் முழு ஜூம் 2000 மி.மீ. லென்சுக்குச் சமம். 30 மீட்டர் தூரத்தில் அது காட்டும் அகலம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். அந்த நிலையில் அபெர்ச்சர் (லென்சில் ஒளி நுழையும் திறப்பு) எஃப்/6.5; இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரோ மிகச் சிறியது. வெளிச்சம் போதாமல் ஒன்று கேமரா ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) ஏற்றும், இல்லையென்றால் ஷட்டரை மெதுவாக்கும். இரண்டுமே படத்தைக் கெடுக்கும்.

எது கெடுத்தது என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். இறகுகள் ஈரச் சாயம்போல ஒன்றோடொன்று கலந்திருந்தால் ஐஎஸ்ஓ அதிகம். பறவை, கிளை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலை மட்டும் கலைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது. முன்னால் இருக்கும் சுள்ளி பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் அதில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்த படங்களில் பறவையின் விளிம்பு வெவ்வேறு மாதிரி நெளிந்திருந்தால் அது கானல்.

கானலைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. தரையிலிருந்து எழும் சூடான காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கும். ஜூம் கூடக் கூட அந்த நெளிவும் பெரிதாகும். சேற்றுவெளி, தார்ச்சாலை, நீர்ப்பரப்பு ஆகியவற்றின் மேலாக நண்பகலில் 100 மீட்டர் தள்ளி இருக்கும் உள்ளானை (சிறு கரையோரப் பறவை) எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. நடுக்கக் குறைப்பும் இதற்கு உதவாது. விடிந்ததிலிருந்து ஓரிரு மணி நேரம் நல்லது, மேகமூட்டமும் நல்லது. மற்ற நேரங்களில் தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. வண்டிக்குள்ளிருந்து எடுத்தால் இன்ஜினை நிறுத்துங்கள்; அதிர்வும் வரும், சூடும் வரும்.

செட்டிங் என்று பார்த்தால், ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் ஷட்டர் முன்னுரிமை மோடில் வையுங்கள். அசையாமல் உட்கார்ந்த பறவைக்கு 1/250 முதல் 1/500 நொடி, இரை தேடிக்கொண்டிருப்பதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல்வரம்பை 800-இல் நிறுத்துங்கள். மர நிழலில் இது கட்டுப்படியாகாது. அப்போது 1/125-க்கு இறங்கி, கையை ஊன்றித் தொடர் ஷாட்டில் ஐந்தாறு எடுத்தால் ஒன்றாவது தேறும். டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள். அது புது விவரம் எதையும் தராது.

வெண்கொக்குக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) −0.7 அல்லது −1 குறைக்காவிட்டால் இறகு முழுக்க வெள்ளைத் தாளாகிவிடும். வானம் பின்னால் இருந்தால் +1 ஏற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் காகம்தான்.

ஃபோகஸுக்கு மிகச் சிறிய ஒற்றைப் புள்ளியை நடுவில் வையுங்கள். இலைகளுக்குள் இருக்கும் கதிர்க்குருவியை விட்டுவிட்டுப் பின்னணியைப் பிடித்தால், அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. பறவை இருக்கும் அதே தூரத்தில் ஒரு அடிமரத்தையோ தடித்த கிளையையோ பாதி அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, அப்படியே பறவைக்கு நகர்த்துங்கள். மிக அருகே வந்துவிட்டாலும் சிக்கல்தான்: முழு ஜூமில் பி900-க்கு சுமார் 5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஜூமைக் குறைத்தால் பிடித்துவிடும்.

பறவையை வியூஃபைண்டருக்குள் கொண்டுவருவது தனிப் பழக்கம். ஜூம் இல்லாமல் தொடங்கி, பக்கத்தில் இருக்கும் உடைந்த கிளை, கம்பம் ஏதாவதொன்றை அடையாளம் வைத்து, பறவை நடுவில் இருக்கும்படி படிப்படியாக ஏற்றுங்கள். தவறிவிட்டால் கேமராவை அங்குமிங்கும் அலைக்காதீர்கள். பி900-இலும் கேனான் எஸ்எக்ஸ்70-இலும் லென்சின் பக்கவாட்டில் ஒரு பட்டன் உண்டு: அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், பறவையை நடுவில் வைத்துப் பட்டனை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். இந்த ஒரு வசதிக்காகவே அந்தக் கேமராக்களை நான் பரிந்துரைப்பேன்.

அடையாளத்துக்கு ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட முதுகு, வயிறு, வால், கால் என்று நாலு கோணம் மேல். டெம்மிங்க் கொசு உள்ளானின் கால் மஞ்சளும் பச்சையும் கலந்தது, சிறிய கொசு உள்ளானுக்குக் கறுப்பு. காலில் சேறு அப்பியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அது தண்ணீரில் நடந்து வரும்வரை காத்திருந்து காலை எடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால் பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் உள்ள பட்டியலோடு படத்தைப் பொருத்துவதும் எளிது.

புதிதாக வாங்குவதாக இருந்தால்: காட்டுக்குள்தான் அதிகம் என்றால் சோனி ஆர்எக்ஸ்10 IV நல்லது. 600 மி.மீ.தான், ஆனால் ஒரு அங்குல சென்சாரும் எஃப்/4-உம் இருட்டில் கைகொடுக்கும். ஏரி, சதுப்பு நிலம் என்றால் 2000 மி.மீ. நன்றாக உழைக்கும். 3000 மி.மீ. நிக்கான் பி1000 கிட்டத்தட்ட 1.4 கிலோ, முழு ஜூமில் எஃப்/8. அந்தக் கூடுதல் தூரத்தில் பெரும்பாலும் கானலைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள்; மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.