நவம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தின் டெவன் கிராமம் ஒன்றில் 17 வருடமாகக் குடியிருக்கும் வாசகியின் பதில்கள்

கேள்வி: ரெடிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை. மே மாதம் டெவன் போனபோது ஒரு பழைய வீடு பார்த்தோம். மண் சுவர், வைக்கோல் கூரை, வாசலில் ரோஜாக்கொடி. 3,40,000 பவுண்ட் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, ரெடிங்

பதில்: மே மாதத்தில் டெவனில் எந்த வீட்டைப் பார்த்தாலும் வாங்கத் தோன்றும். நாங்களும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினோம். முதல் நவம்பரில் படுக்கையறைச் சுவரில் கை வைத்தேன், ஈரத்துணியைத் தொட்டதுபோல் இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்த பெட்டியைத் திறந்தால், பட்டுப்புடவைகளில் பூசணம் பூத்திருந்தது. அதில் ஒன்று என் முகூர்த்தப் புடவை.

மண் சுவர்மேல் பழி போடமாட்டேன். இந்த ஊர் மண் சுவருக்குக் 'காப்' என்று பெயர். களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, இரண்டடி கனத்துக்கு எழுப்புவார்கள். 'நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் காப் நிற்கும்' என்பது டெவன்காரர்கள் பேச்சு. தொப்பி என்பது கூரை, செருப்பு என்பது கல் அடித்தளம். சுண்ணாம்பு பூசியிருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சிமென்ட் பூசிவிட்டார்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசி முடிக்க இரண்டு கோடை பிடித்தது. இன்றைக்கு அதே சுவரில் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன், காய்ந்து கிடக்கிறது.

அதனால் முதல் வேலை சர்வே. வங்கி ஆள் அனுப்பிப் பார்ப்பது கடனுக்கு ஈடாகுமா என்பதை மட்டும்தான். நீங்கள் தனியாக, காப் வீடுகளில் பழகிய ஒரு சர்வேயரைப் பிடித்து 'லெவல் 3' சர்வே, அதாவது வீட்டின் நிலையை முழுக்க அலசும் ஆய்வு, எடுங்கள். சிமென்ட் பூச்சு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

அந்த வயதுக்கு வீடு 'லிஸ்டட்' பட்டியலில், அதாவது சட்டப் பாதுகாப்புள்ள பழங்காலக் கட்டடங்களின் பட்டியலில், இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஜன்னல் மாற்றக்கூட கவுன்சில் அனுமதி வேண்டும், இல்லாமல் மாற்றினால் அது குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்திருந்தாலும் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

அப்புறம், நம் ஆட்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஸ்டாம்ப் டியூட்டி. முதல் வீடு என்றால், 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கில் உங்களுக்கு 2,000 பவுண்ட்தான். ஆனால் 'முதல் வீடு' என்பது உலகம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. ஊரில் கணவர் பெயருக்கு அப்பா வீடு வந்திருந்தாலே சலுகை போய்விடும், 7,000 ஆகும். அந்த ஊர்ச் சொத்தில் அவர் பங்கு 40,000 பவுண்ட் மதிப்பைத் தொட்டால், கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதமும் சேர்ந்து 24,000 வரை போகலாம். வக்கீலிடம் இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள்.

விலை பேசி முடித்துவிட்டோமே என்று பதறவேண்டாம். இங்கிலாந்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை யாரும் விலகலாம். அதற்குள் மழைநாளில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். நவம்பர் வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வீட்டு விளம்பரத்தில் 'பிரைவேட் டிரெய்னேஜ், ஆயில் ஹீட்டிங்' என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர், பிரிஸ்டல்

பதில்: பயம் வேண்டாம், விசாரிக்க வேண்டும். 'பிரைவேட் டிரெய்னேஜ்' என்றால் பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத வீடு, பெரும்பாலும் செப்டிக் டேங்க் இருக்கும் என்று அர்த்தம். டேங்க் கழிவுநீர் நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ விழுவது 2020 முதல் கூடாது. மண்ணுக்குள் கசியவிடும் குழாய் அமைப்பு வேண்டும், இல்லையென்றால் சுத்திகரிப்பு டேங்க் போட வேண்டும். எங்கள் வக்கீல் இதைக் கேட்காமலே விட்டார். அதைச் சரிசெய்யப் பிறகு நாங்கள் 11,000 பவுண்ட் செலவழித்தோம். வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

ஹீட்டிங்குக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய். லாரி வருவதற்குக் குறைந்தது 500 லிட்டர் கேட்பார்கள். பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் கொடுப்பார்கள், விலை குறையும். அந்தக் கூட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு கார் ஓட்டத் தெரியாது. கணவர் கிராமத்துக்குப் போகலாம் என்கிறார். வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கிற ஊரில் தனியாக உட்கார்ந்திருப்பேனோ என்று தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் வந்த புதிதில் எங்கள் ஊருக்கு பஸ் வாரத்தில் இரண்டு நாள். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டு, தெருவிளக்கும் கிடையாது. இட்லி மாவு பொங்கவில்லை என்று ஒருநாள் உட்கார்ந்து அழுதேன். மாவு ஒரு சாக்கு, அழுததற்குக் காரணம் வேறு.

பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டியது அந்த வாரம்தான். சுடுதண்ணீர் டேங்க் இருக்கிற அலமாரியில் மாவை வைக்கச் சொன்னார், பிரெட் மாவை அவர் அங்கேதான் வைப்பாராம். மறுநாள் காலை மாவு பாத்திரத்தை மீறி வழிந்திருந்தது. இட்லியை எடுத்துக்கொண்டு போனேன். அவர்தான் என்னை வில்லேஜ் ஹாலுக்குக் கூட்டிப்போய் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். இங்கே தானாக வந்து பேசமாட்டார்கள், கூப்பிட்ட இடத்துக்கு இரண்டு தடவை போய்விட்டால் மூன்றாவது தடவை உங்களுக்கு வேலை கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கொடுத்தது, பழைய சிவப்பு டெலிபோன் பூத்தில் வைத்திருக்கும் டிஃபிப்ரிலேட்டரை (இதயம் நின்றவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வாராவாரம் சரிபார்க்கும் வேலை. இன்றும் செய்கிறேன்.

ஆனால் கார் விஷயத்தில் சமாதானம் சொல்லமாட்டேன். ஒரு வண்டி மட்டுமே போகும் சந்துகள், இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, எதிரில் டிராக்டர் வந்தால் அகலமான இடம் வரை பின்னாலேயே ஓட்ட வேண்டும். லெஸ்டரில் இருக்கும்போதே கற்று லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அதுவரை வீடு பார்க்கப் போகவேண்டாம் என்று கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.