திமிங்கிலத்துக்கு ஹார்ன் அடிக்கலாமா?

வணக்கம்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் 400க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன, கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிற்றில் சிக்கியும்தான் அதிகம் சாகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கப்பலின் முன்னால் நீருக்கடியில் ஒலிபெருக்கி கட்டி ஹார்ன் அடித்து விரட்டினால் என்ன? இல்லையென்றால் பத்துப் பதினைந்தைப் பிடித்து ஒரு விரிகுடாவில் வைத்து வளர்க்கலாமே? அசட்டுக் கேள்வி என்றால் மன்னிக்கவும்.

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

அசட்டுக் கேள்வி இல்லை. ஹார்னை அடித்தே பார்த்துவிட்டார்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் டக்ளஸ் நோவாசெக் குழுவினர் செய்த சோதனை அது. முடிவு 2004இல் வெளியானது. உறிஞ்சுகிண்ணத்தால் முதுகில் ஒட்டும் பதிவுக்கருவியைப் பொருத்தி, ஆறு திமிங்கிலங்களுக்கு எச்சரிக்கை ஒலியைக் கேட்கவிட்டார்கள். ஐந்து, ஆழத்தில் இரை தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டு மேலேறின. ஏறியவை விலகிப் போகவில்லை, நீர்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டருக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்தன. மாலுமி கண்ணுக்கும் படாது, கப்பலின் அடிப்பாகத்துக்கும் தப்பாது; இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். நிஜக் கப்பலின் இரைச்சலைப் போட்டபோதோ அவை சட்டை செய்யவே இல்லை. போதாக்குறைக்கு, என்ஜினும் சுழல்விசிறியும் கப்பலின் பின்பக்கம் இருப்பதால் அந்த ஒலியைக் கப்பலின் உடலே மறைக்கிறது. நேர் எதிரே இருக்கும் விலங்குக்குத்தான் சத்தம் குறைவாகக் கேட்கும்.

ஆகவே மாற வேண்டியது கப்பல். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2008 முதல், குறித்த பருவங்களில் குறித்த பகுதிகளில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ளவை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது. 15 நாட்டில் மோதினால் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு 100க்கு 80 என்றும், 9 நாட்டுக்குச் சற்றுக் கீழே அது 20 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிடித்து வளர்ப்பதை மறந்துவிடுங்கள். நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல், அரிசிமணி அளவு உயிரிகளை வடிகட்டித் தின்னும் விலங்கு இது. இதன் தூரத்து உறவான, ஒன்றரை மீட்டர் நீளமே உள்ள வாகிட்டா என்ற கடல் பாலூட்டியை 2017இல் மெக்சிகோவில் பிடித்துப் பார்த்தார்கள். வளர்ந்த பெண் ஒன்று சில மணி நேரத்தில் இறந்தது. முயற்சியை அத்தோடு நிறுத்தினார்கள்.

உண்மையிலேயே விசித்திரமான, ஆனால் வேலை செய்கிற யோசனை கயிற்றில்தான் இருக்கிறது. சிங்கி இறால் கூண்டுகளைக் கடலடியில் ஒரே கயிற்றில் கோத்து, முனையிலிருந்து மேலே மிதவை வரை செங்குத்தாக இன்னொரு கயிறு விடுவார்கள். வாயைத் திறந்தபடி நீந்தும் திமிங்கிலத்துக்கு அது வாய்க்குள் மாட்டும். மிரண்டு உருண்டால் துடுப்பிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும். 1,700 பவுண்டு, அதாவது சுமார் 770 கிலோ இழுவிசையில் அறுந்துவிடும் பலவீனக் கயிறு ஒரு வழி. ஆனால் குட்டிக்கு அதை அறுக்கும் பலம் இருக்காது. அதனால் அதை அரைத் தீர்வு என்றுதான் சொல்வேன்.

முழுத் தீர்வு, செங்குத்துக் கயிற்றையே எடுத்துவிடுவது. கயிறும் மிதவையும் கடலடியில் ஒரு கூட்டுக்குள் பூட்டியிருக்கும். படகு வந்து நீருக்குள் சங்கேத ஒலி அனுப்பினால் பூட்டு விடும், மிதவை கயிற்றோடு மேலே வரும். சில வகைகளில் மிதவைக்குப் பதில், உருளையில் அடைத்த காற்று ஒரு பையை ஊத வைத்துக் கூண்டையே தூக்கிவரும். சேறோ கொட்டலசோ அடைத்தால் பூட்டு விடாது. கயிற்றை ஒழுங்காக மடித்து வைக்காவிட்டால் சிக்கு விழுந்து மிதவை பாதியிலேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவி, மறுபடி சுற்றி வைக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இது பெரிய வேலை. எதுவும் மேலே வரவில்லையென்றால் பாதாளக்கரண்டி மாதிரி கொக்கி போட்டு அடிக்கயிற்றைத் துழாவ வேண்டியதுதான்.

எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் வேறு. மேலே மிதவை இல்லையென்றால் கீழே கூண்டு இருப்பது அடுத்த படகுக்குத் தெரியாது. அவர் தன் கூண்டுகளை அதன் மேலேயே இறக்குவார், அல்லது இழுவைமடி அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். கூண்டு கிடக்கும் இடம் படகுத் திரையில் புள்ளியாகத் தெரிந்தாக வேண்டும். ஆனால் இறால் கிடைக்கும் இடத்தை எந்த மீனவர் ஊருக்குச் சொல்வார்? பக்கத்தில் வரும் படகுக்கு மட்டும் புள்ளி தெரியும்படி செய்யலாம். அதற்கு ஒரு நிறுவனத்தின் கருவி சொல்வதை இன்னொரு நிறுவனத்தின் கருவி புரிந்துகொள்ள வேண்டும். யோசனை சொல்லும் ஆர்வம் உங்களுக்கு இருப்பதால் கேட்கிறேன்: இதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்.