மீசை அரும்பும் முன்பே வரும் ஈர்ப்பு: பெற்றோர் என்ன செய்யலாம்?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பெண்ணைக் கண்டால் ஸ்வெட்டர் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறான். அவள் ஒரு மாணவனோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றதைப் பார்த்த பிறகு இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறான். 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 'நியூ கிட் ஆன் த பிளாக்' என்ற ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அதைத் தடுக்க வேண்டுமா? 'மீசையே முளைக்கவில்லை, அதற்குள் காதலா' என்று அவன் அப்பா கேலி செய்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

தடுக்க வேண்டாம், ஒருமுறை அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். நீங்கள் குறிப்பிடும் அந்தப் பகுதி 1992 நவம்பரில் ஒளிபரப்பானது. பத்து வயது பார்ட், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த லோரா என்ற பதின்வயதுப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவளோ ஜிம்போ என்ற முரட்டுப் பையனைத் தனக்குப் பிடித்திருப்பதாக அவனிடமே மகிழ்ச்சியோடு சொல்கிறாள். அந்த நொடியில், அவள் தன் இதயத்தைப் பிடுங்கிக் குப்பைக்கூடைக்குள் உதைத்துத் தள்ளுவதாகப் பார்ட்டின் கண்முன் ஒரு காட்சி விரிகிறது. உங்கள் மகனால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தக் காட்சி அவனுக்காகச் சொல்லிவிடுகிறது என்பதால்தான் அவன் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன்.

முடிவில் லோராவும் மீசையைப் பற்றித்தான் பேசுகிறாள். அரும்பு மீசை முளைக்கும் வயதில் நீ இருந்திருந்தால் உன்னோடு பழகியிருப்பேன் என்ற பொருளில் அவள் சொல்லும்போது, வயது வித்தியாசமும் தெளிவாகிறது, பையனின் மானமும் காப்பாற்றப்படுகிறது. உங்கள் கணவர் சொல்வதும் ஏறக்குறைய அதே செய்திதான். ஆனால் அது கேலியாக வருவதால், இனி எதையும் வீட்டில் சொல்லக்கூடாது என்ற பாடத்தையே மகன் கற்றுக்கொள்வான். அவரிடம் இதை அழுத்தமாகவே சொல்லுங்கள். உறவினர்களிடமோ அந்தப் பெண்ணின் வீட்டாரிடமோ இதை வேடிக்கையாகச் சொல்ல வேண்டாம். ஒரே படிக்கட்டை ஒட்டி வீடுகள் இருக்கும் மலையூரில் அந்தப் பேச்சு மறுநாளே அவன் காதுக்கு வந்துவிடும். "அவள் உனக்கு அக்கா" என்று திருத்துவதும் உதவாது. அது தெரிந்திருப்பதால்தான் அவன் குழம்பி நிற்கிறான்.

அந்தக் கதையில் கட்டாயம் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. மதுக்கடைக்காரர் மோவுக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுத்துவந்த பார்ட், தன்னை ஜிம்போ என்று சொல்லி முகவரியையும் கொடுக்க, மோ கத்தியோடு ஓடிவருகிறார். ஜிம்போ அழுது கெஞ்ச, லோராவுக்கு அவன்மீது இருந்த ஈர்ப்பு போய்விடுகிறது. கார்ட்டூனில் இந்தச் சூழ்ச்சி பலிக்கிறது. உங்கள் மகன் கையில் கைபேசி இருந்தால், பொறாமையில் அடுத்தவர் பெயரில் செய்தி அனுப்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவனையே கேளுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்குப் பருவமாற்றம் பெரும்பாலும் 9 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. ஆகவே இந்த ஈர்ப்பு வயதுக்கு மீறியதும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல.

பேச்சை எதிரெதிரே உட்காரவைத்துத் தொடங்காதீர்கள். மாலையில் வர்க்கி வாங்க பேக்கரிக்கு அவனோடு நடந்து போங்கள். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். "அந்தக் கதையில் பார்ட்டுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை நீங்களாக எடுக்க வேண்டாம்.

சாப்பாடு குறைவதையும் கவனியுங்கள். உணவும் உறக்கமும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.