நகையை அடகு வைப்பதற்கு முன்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த தங்கள் மகன் படத்தொகுப்பும் அனிமேஷனும்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதையும், பயிற்சி மையக் கட்டணத்துக்கும் புதிய கணினிக்குமாக நகையை அடகு வைக்கலாமா என்று தாங்கள் தயங்குவதையும் கடிதத்தில் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஓராண்டு நகை வீட்டிலேயே இருக்கட்டும். இத்துறைக்குத் தேவையான அடிப்படைகளை, பணம் கொடுக்காமல் முறையாகப் பெறக்கூடிய, மூலநிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே அவர் கற்றுக்கொள்ள முடியும்.

"இலவச மென்பொருளைக் கற்றவனுக்கு யார் வேலை தருவார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். 2025இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ', பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் உருவானது. அதன் இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் முன்பு மாயா என்ற வணிக மென்பொருளில் பணியாற்றிவிட்டு, 2019இல் பிளெண்டருக்கு மாறியவர். அந்தப் பிளெண்டரும் ஒரு காலத்தில் ஒரு நெதர்லாந்து நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பயனர்கள் ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி, அதன் மூலநிரலை மீட்டுப் பொதுவில் வைத்தார்கள். தங்கள் மகன் அதை உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிவது அவர்களால்தான்.

எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னையின் படத்தொகுப்புக் கூடங்களில் அவிட், பிரீமியர் போன்றவையும், விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்களில் மாயா, நியூக் போன்றவையுமே பெரும்பாலும் புழங்குகின்றன. ஆனால் ஒரு காட்சியை எந்த இடத்தில் வெட்டுவது, உரையாடல் முடியும் முன்பே அடுத்த காட்சியின் ஒலியை எப்போது நுழைப்பது, இரண்டு ஷாட்டுகளின் வண்ணத்தை எப்படி இணக்குவது என்பவை மென்பொருளோடு பிறந்து மென்பொருளோடு போகும் அறிவு அல்ல. கேடென்லைவ் என்ற கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருளில் இவற்றைப் பழகியவர், பிரீமியரின் பொத்தான்களைச் சில வாரங்களில் கற்றுக்கொள்வார்.

எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினியே தொடக்கத்துக்குப் போதும். கேடென்லைவில் 'ப்ராக்ஸி' என்ற வசதி உண்டு; கனமான காட்சிகளுக்குப் பதிலாக அவற்றின் இலகுவான நகல்களை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் மூலக் காட்சிகளிலிருந்தே படத்தை வெளியெடுக்கலாம். கைபேசியில் எடுத்த காட்சிகளில் ஃப்ரேம் வேகம் (ஒரு நொடியில் ஓடும் படங்களின் எண்ணிக்கை) சீராக இராததால், தொகுக்கும்போது சில வேளைகளில் உதட்டசைவும் ஒலியும் விலகிப்போகும். காணொளிக் கோப்புகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொண்டு தொடங்கினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஒலியைச் செப்பனிட ஆடாசிட்டியும், ஓவியத்துக்குக் கிருதாவும், புகைப்படத் திருத்தத்துக்கு ஜிம்ப்பும் உள்ளன. அச்சகங்கள் கேட்கும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை வண்ண முறையில் நேரடியாகத் திருத்தும் வசதி ஜிம்ப்பில் முழுமையாக இல்லை. ஆகவே அவர் பின்னாளில் சிவகாசி அச்சகங்களை நம்பி வடிவமைப்புப் பணிக்குச் செல்ல விரும்பினால், வேறு மென்பொருளும் கற்க வேண்டிவரும். டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்றாலும், வண்ணத் திருத்தம் பழக மிக நல்லது. அதற்கு மட்டும் வலுவான கணினி வேண்டும்.

பயிற்சி மையத்தில் 'கிராக்' செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளை நகலெடுத்துத் தருவதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது; அதோடு வரும் வைரஸ், மாதக்கணக்கில் செய்த வேலையை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் தொழில்வாழ்வைத் திருட்டு நகலோடு தொடங்குவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, தேவையே இல்லாதபோது.

பாடங்களுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். அதில் பல பாடங்கள் தமிழிலும் உள்ளன. பட்டப்படிப்பு வேண்டுமென்றால், சென்னை தரமணியிலுள்ள தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கும் அனிமேஷனுக்கும் தனித்தனிப் படிப்புகள் உள்ளன. அதன் கட்டணத்தை அந்த மையம் கேட்ட தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைக்கு, தங்கள் ஊர்ச் சந்தையையோ தறிக்கூடத்தையோ பற்றி மூன்று நிமிடப் படம் ஒன்றை, ஒலிச் சேர்ப்பு உட்பட முழுவதுமாக முடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவருக்குக் கை போவது வெட்டுவதிலா, வரைவதிலா, ஒலியிலா என்பது அதில் தெரிந்துவிடும். அதன்பின் எந்தப் படிப்பு என்பதை மூவரும் அமர்ந்து பேசலாம்.