ஊதா என்றால் தப்பா?

கடிதம்:

அன்புள்ள ஐயா,

ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வானத்தின் நிறம் ஊதா என்று எழுதினாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் நீலத்தை எல்லோருமே ஊதா என்றுதான் சொல்வோம். ரஷ்ய மொழியில் நீலத்துக்கே இரண்டு சொற்களாம். நமக்கு ஒன்றுகூட ஒழுங்காக இல்லையே! நிறங்களை இனி ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுக்கட்டுமா?

கே., அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புள்ள கே.,

ரஷ்யர்களுக்குக் கருநீலம் 'சீனிய்', வெளிர்நீலம் 'கொலுபோய்'. இருக்கட்டும். ஜப்பானியர்கள் சிக்னலின் பச்சை விளக்கை 'ஆவோ' என்கிறார்கள்; நீலத்துக்கும் அதே சொல்தான். அந்தக் கவலையை விடுங்கள்.

ஆனால் 'ஒழுங்காக இல்லையே' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வீடே பேசும் ஒரு சொல்லை ஒரு சுழி கெடுத்துவிடுமா? வானவில்லில் கோடு கிடையாது. கோடு போடுவது பேசுகிறவர்கள். தேர்வில் நீலம் என்று எழுதட்டும், சரி. வீட்டில் ஊதா இருக்கட்டும்.

'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம். முதலில் கோபம், அவை நிறத்தையும் குறிக்கும் என்பது அடுத்த நூற்பாவில்தான். பச்சைத் தண்ணீர், பச்சை உடம்பு, பச்சைப் பிள்ளை என்கிறோம். இவற்றில் எது பச்சை நிறம்? சந்தையில் சாம்பல் நிற மாடு மயிலை. அதே நிறச் சட்டையை யாரும் மயிலை என்பதில்லை. பெயிண்ட் டப்பாவில் ஒட்டுவதற்காக வந்த சொற்களா இவை?

என் அம்மாயி வீடு ஏற்காடு அடிவாரத்தில். வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். "இன்னைக்கு மலை பச்சையா இருக்கு" என்பார். மழைக்கு முன்னால், "கறுத்துடுச்சு, துணிய எடு." மழை விட்ட சாயங்காலம், "ஊதாப் பூத்திருக்கு பாரு."

கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த வருடம், உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில், "அது நீலம் அம்மாயி, ஊதா வேற" என்று அலைநீளக் கணக்கோடு திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாயியும் சிரித்தார். அதற்கப்புறம் கடைசிவரை என் முன்னால் அவர் ஒரு நிறத்தின் பெயரையும் சொல்லவில்லை. துணிக்கடையில்கூட விரலை நீட்டி, "அந்தப் புடவை" என்பதோடு சரி.

அஸ்தம்பட்டியில் மாடிக்குப் போனால் மலை தெரியும்தானே? மழை விட்ட ஒரு நாளில் மகளைக் கூட்டிப்போய், அது என்ன நிறம் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.