நெருக்கடியில் ஆட்களை நடத்துவது: கேள்வி பதில்

மின்வாரிய உதவிப் பொறியாளர், கடலூர்: சார், புயல் ஓய்ந்த மறுநாள் ஆபீஸ் வாசலில் ஊரே திரண்டு "கரண்ட் எப்போ வரும்?" என்கிறது. ஆட்களையும் வேலைக்கு அனுப்ப வேண்டும். எதை முதலில் பார்ப்பது?

பதில்: இரண்டையும் நீங்களே பார்க்காதீர்கள், தம்பி. கெடுவது அங்கேதான். வாசலுக்கு ஒருவரை நிறுத்துங்கள். கரண்ட் வரும் நேரத்தை அவர் சொல்லக் கூடாது. அடுத்த தகவல் எப்போது என்று மட்டும் சொல்லட்டும். "2 மணிக்கு நிலவரம் சொல்றோம்" என்றால், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 2 மணிக்கு வந்து நிற்க வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் சொன்ன நேரம் ஒருமுறை பொய்த்தால் அடுத்து நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது.

முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து குடிநீர் மோட்டார், அப்புறம் தெருக்கள். எல்.சி. (லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் ஒரே ஆள் கையில், எழுத்தில் இருக்கட்டும். கூட்டம் கத்துகிறது என்று வாய்வார்த்தையில் கொடுத்தால் கம்பத்தில் இருப்பவர் உயிர் போகும். லைனை ஆஃப் செய்தாலும் யாரோ வீட்டில் ஓட்டும் ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி ஏறும். டிரான்ஸ்பார்மர் அதையே உயர் அழுத்தமாக்கிவிடும். லைனில் கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே ஆள் ஏற வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எம்.எல்.ஏ.வே வந்து நின்றாலும் அவசரப்படாதீர்கள்.

செவிலியர், அவசரப் பிரிவு, புதுச்சேரி: நோயாளிக்கு இதயம் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், டாக்டர் சொல்வதே காதில் விழுவதில்லை.

பதில்: நடத்துபவர் கட்டிலின் கால்மாட்டில், கையில் வேலை இல்லாமல் நிற்க வேண்டும். அவரே மார்பை அழுத்தத் தொடங்கினால் மானிட்டரையும் நேரத்தையும் பார்க்க ஆளில்லை. "யாராவது ஊசி போடுங்க" என்றால் யாரும் போட மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் போடுவார்கள். பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும்: "செல்வி, அட்ரினலின் 1 மில்லிகிராம்." செல்வி அதைத் திருப்பிச் சொல்லி, போட்டதும் "போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், இடைவெளி 10 விநாடிக்குள். கடிகாரம் பார்த்துச் சொல்ல ஒருவரைத் தனியே வையுங்கள் அம்மா, பாதி சத்தம் அடங்கிவிடும்.

ஷிப்ட் சூப்பர்வைசர், சிப்காட், கடலூர்: குளோரின் கசிவு ஒத்திகையில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

பதில்: காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப் பையை முதலில் பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள். காற்றுக்குக் குறுக்காக வெளியேறி, காற்று வரும் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குளோரின் காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தங்கும். கூடும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் காற்று மாறும் நாளில் அதுவே பொறி. எதிரெதிர் திசையில் இரண்டு வேண்டும். வருகைப் பதிவேட்டை வைத்துத் தலை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் சுவாசக் கருவி போட்ட இருவர் மட்டுமே உள்ளே.

தனியார் கம்பெனி டீம் லீடர், புதுச்சேரி: அண்ணா, மேலதிகாரி சத்தம் போட்டாலே குரல் நடுங்குகிறது.

பதில்: 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுங்கள், ஐந்தாறு தடவை. வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு குறையும். பிறகு மூன்றே வாக்கியம்: என்ன நடந்தது, இப்போது யார் என்ன செய்கிறார், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. காரணம் கேட்டால், "சரிசெய்ததும் எழுதித் தருகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள்.